பேச்சு, கேட்பியல் வல்லுநர்கள் மீதான புகாரைக் கலிஃபோர்னியா உரிம வாரியம் விசாரித்து முடிவெடுக்கும் முறை: முழுமையான வழிகாட்டி

கலிஃபோர்னியா மாநிலத்தில் பேச்சு-மொழிச் சிகிச்சையாளர், ஆடியாலஜிஸ்ட் எனப்படும் கேட்பியல் வல்லுநர், காதொலிக் கருவி விற்பனையாளர் ஆகிய மூவருக்கும் உரிமம் வழங்குவது ஒரே வாரியம். அவர்கள் தவறிழைத்தால் அந்த உரிமத்தின் மீது நடவடிக்கை எடுப்பதும் அதுவே. கருவி விற்பனையாளர்களுக்கென முன்பு தனி அலுவலகம் இருந்தது. அது 2010 ஜனவரி 1 முதல் இந்த வாரியத்துடன் இணைக்கப்பட்டது. மாநில நுகர்வோர் நலத்துறையின் கீழ் சாக்ரமென்டோவில் இயங்கும் இதில் ஒன்பது உறுப்பினர்கள் உண்டு: பேச்சுச் சிகிச்சையாளர் இருவர், கேட்பியல் வல்லுநர் இருவர், கருவி விற்பனையாளர் இருவர், பொதுமக்கள் சார்பில் மூவர். அந்த மூவரில் ஒருவர் காது, மூக்கு, தொண்டை மருத்துவராக இருக்க வேண்டும்.

இவ்வழிகாட்டி இரு தரப்பினருக்காக எழுதப்படுகிறது. பிள்ளைக்குக் கிடைத்த சிகிச்சையிலோ பெற்றோருக்கு வாங்கிய கருவியிலோ குறை கண்டு புகார் கொடுக்க நினைப்பவர் ஒருவர். வாரியத்தின் கடிதம் கைக்கு வந்து என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும் உரிமதாரர் மற்றொருவர். இருவர் கைக்கும் ஒரே விவரங்கள் சேர வேண்டும் என்பது என் எண்ணம். புகார்தாரர் வாரியத்திடம் தவறானதை எதிர்பார்த்து ஏமாறுவதற்கும், உரிமதாரர் அச்சத்தில் தவறானதைச் செய்து தம் நிலையைக் கெடுத்துக்கொள்வதற்கும் நடைமுறை தெரியாமையே பெரும்பாலும் காரணம்.

வாரியத்தால் இயன்றதும் இயலாததும்

பொதுமக்களின் பாதுகாப்பே வாரியத்தின் தலையாய கடமை என்று மாநில வணிக, தொழில் சட்டத்தொகுப்பின் 2531.02ஆம் பிரிவு கூறுகிறது. உரிமத்தை ரத்துசெய்தல், இடைநிறுத்தல், நிபந்தனைகளுடன் கண்காணிப்பில் வைத்தல், பகிரங்கமாகக் கண்டித்தல், அபராதம் விதித்தல் ஆகியவை அதன் அதிகாரத்துக்குள் வருகின்றன. புகார்தாரருக்கு இழப்பீடு வாங்கித் தருவது அதன் வேலை அன்று. கட்டணம் அதிகம் என்ற பிணக்கையும் அது தீர்த்து வைக்காது. கண்காணிப்பு நிபந்தனைகளுள் ஒன்றாகப் பணத்தைத் திருப்பித் தரும்படி உத்தரவிடச் சட்டம் இடமளிக்கிறது என்றாலும், அதை நம்பி ஒருவர் உரிமையியல் வழக்குக்கான காலக்கெடுவைத் தவறவிடக் கூடாது. பணம் வேண்டுமெனில் நீதிமன்றம், உரிமத்தின் மீது நடவடிக்கை வேண்டுமெனில் வாரியம். இரண்டையும் ஒரே வேளையில் நாடவும் தடையில்லை.

காதொலிக் கருவி வாங்கியவர்களுக்கு இதில் ஒரு தனிச் சலுகை உண்டு. கருவி தமக்குப் பொருந்தவில்லை என்றால் 45 நாட்களுக்குள் திருப்பிக் கொடுக்கும் உரிமையை மாநில நுகர்வோர் உத்தரவாதச் சட்டம் வழங்குகிறது. அந்த நாட்களுக்குள் கருவியைக் கொண்டுபோய்க் கொடுத்தும் விற்பனையாளர் பணம் தர மறுத்தால், அது வெறும் பணத் தகராறாக நின்றுவிடாமல் சட்ட மீறலாகவும் ஆகிறது. அதை வாரியம் விசாரிக்கலாம்.

முதற்படி: புகார் போக வேண்டிய இடத்தை உறுதிசெய்தல்

நுகர்வோர் நலத்துறையின் இணையதளத்தில் பெயரைத் தேடினால் ஒருவரின் உரிம நிலை, காலாவதித் தேதி, முன்பு எடுக்கப்பட்ட ஒழுங்கு நடவடிக்கைகள் ஆகியவை கிடைக்கும். பெற்றோர் பலர் தடுமாறும் இடம் ஒன்று இங்கே இருக்கிறது. அரசுப் பள்ளிகளில் பணிபுரியும் பேச்சுச் சிகிச்சையாளர்களுள் ஆசிரியர் தகுதிச் சான்று ஆணையத்தின் சான்றை மட்டும் வைத்துக்கொண்டு, வாரிய உரிமம் இல்லாமலே சட்டப்படி பணிபுரிவோர் உண்டு. அத்தகையவர் மீதான புகாரை அந்த ஆணையத்துக்கே அனுப்ப வேண்டும். இரண்டும் உடையவர் என்றால் இரு இடத்துக்கும் அனுப்பலாம்.

ஆஷா என்று சுருக்கமாக அழைக்கப்படும் அமெரிக்கப் பேச்சு-மொழி-கேட்பியல் சங்கம் இவற்றிலிருந்து வேறானது. அது தொழில்முறைச் சங்கம். அதன் நெறிமுறைக் குழு, தான் வழங்கிய தகுதிச் சான்றைப் பறிக்கலாமே தவிர, மாநிலம் கொடுத்த உரிமத்தைத் தொட முடியாது. சங்கத்துக்குப் புகார் அனுப்பிவிட்டு வாரியத்துக்கும் தெரிவித்தாகிவிட்டது என்று எண்ணியிருப்பது வீண் காத்திருப்பாகவே முடியும்.

இரண்டாம் படி: புகாரை எழுதுதல்

புகார் கொடுக்கக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. பெயர் குறிப்பிடாமலும் எழுதலாம், ஆனால் அத்தகைய புகார் நெடுந்தூரம் செல்வது அரிது. நோயாளியின் பதிவுகளைப் பெற ஒப்புதல் கையெழுத்து வேண்டும். பின்னாளில் நீதிபதி முன்னிலையில் நேரில் சாட்சி சொல்லவும் ஆள் வேண்டும்.

“அவர் மோசமானவர், எங்களை ஏமாற்றிவிட்டார்” என்று எழுதுவதைக் காட்டிலும், எந்தத் தேதியில் எங்கே என்ன நடந்தது, யார் உடனிருந்தார், எவ்வளவு பணம் கைமாறியது என்று வரிசைப்படுத்தி எழுதுவதே பயன் தரும். மேலே சொன்ன சட்டத்தொகுப்பின் 2533ஆம் பிரிவு தவறுகளை வகைப்படுத்தியிருக்கிறது: தொழிலோடு தொடர்புடைய குற்றத்துக்குத் தண்டனை பெற்றிருத்தல், மோசடியாக உரிமம் பெறுதல், போதைப் பழக்கத்தால் பணிக்கு ஆபத்து விளைவித்தல், பொய் விளம்பரம், நேர்மையற்ற செயல், திறமையின்மை, கடும் கவனக்குறைவு, மீண்டும் மீண்டும் நேரும் கவனக்குறைவு முதலியன. தகுதியில்லாத விற்பனையாளர் தம்மை டாக்டர் என்றோ ஆடியாலஜிஸ்ட் என்றோ கடைப்பலகையில் எழுதிக்கொள்வதும் இதே பிரிவில் தவறாகிறது. எந்தப் பிரிவு என்று புகார்தாரர் எழுத வேண்டியதில்லை. ஆனால் தமக்கு நேர்ந்தது இவற்றுள் எதில் அடங்கும் என்று முன்கூட்டியே எண்ணிப் பார்த்தால், எந்த விவரத்தை விடக் கூடாது என்பது தெரிந்துவிடும்.

ஓர் எடுத்துக்காட்டைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். எழுபது வயதைக் கடந்த ஒருவர், ஒரு மாதமாகக் காதில் சீழ் வடிகிறது என்று கடைக்காரரிடம் சொல்கிறார்; அவர் அதைக் கேட்டுக்கொண்டே கருவியைப் பொருத்தி அனுப்பிவிடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடந்த 90 நாட்களுக்குள் காதில் சீழோ நீரோ வடிந்திருந்தால், திடீரெனச் செவித்திறன் குறைந்திருந்தால், தலைச்சுற்றலோ காதில் வலியோ இருந்தால், கருவி விற்பதற்கு முன்பாகவே காது மருத்துவரைப் பார்க்கும்படி எழுத்து மூலம் அறிவுறுத்த வேண்டும் என்பது அம்மாநிலச் சட்டம். விற்பனைப் பதிவுகளையும் ஏழு ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். ஆகவே இப்புகாரில் வாரியம் முதலில் தேடுவது அந்த ஒற்றைத் தாளைத்தான். அப்பாவின் மேசை இழுப்பறையில் கிடக்கும் ரசீது, அதிலுள்ள கருவியின் வரிசை எண், விற்ற தேதி, பிறகு மருத்துவர் எழுதிய குறிப்பு ஆகிய நான்கையும் புகாரோடு இணைத்துவிட்டால் விசாரணையின் பாதி வேலை முடிந்துவிடும். மூலத்தை வீட்டில் வைத்துக்கொண்டு நகலை அனுப்புங்கள்.

மூன்றாம் படி: புகார் பதிவாகித் தரம் பிரிதல்

புகார் கிடைத்த 10 நாட்களுக்குள், அதன்மேல் எடுக்கப்பட்ட தொடக்க நடவடிக்கையைப் புகார்தாரருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று சட்டம் கூறுகிறது. பின்னர் அது அவசரம், முக்கியம், வழக்கமானது என்று தரம் பிரிக்கப்படும். நோயாளியிடம் பாலியல் அத்துமீறல், போதையில் பணிபுரிதல், உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து போன்றவை முதலில் கவனிக்கப்படும். ஆபத்து உடனடியானது என்றால், முழு விசாரணை முடியும்வரை காத்திராமல் இடைக்காலத் தடை உத்தரவை நீதிபதியிடம் கேட்டுப் பெறவும், குற்ற வழக்கு நடக்குமானால் ஜாமீன் நிபந்தனையாகத் தொழில் செய்யத் தடை கோரவும் வழி இருக்கிறது.

இந்தக் கட்டத்தில் புகார் ரகசியமானது, இணையதளத்தில் தோன்றாது. ஆதாரமற்ற புகாரால் ஒருவருடைய பெயர் கெடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது. தேடிப் பார்த்து ஒன்றும் தென்படவில்லை என்பதற்காக, அந்த உரிமதாரர் மீது புகாரே இல்லை என்று கொள்ளவும் முடியாது.

நான்காம் படி: விசாரணை

எளிய புகார்களை வாரிய ஊழியர்களே விசாரிப்பர். கடுமையானவை நுகர்வோர் நலத்துறையின் புலனாய்வுப் பிரிவுக்குச் செல்லும். அங்குள்ள புலனாய்வாளர்கள் காவல் அதிகாரம் உடையவர்கள். பதிவுகள் கேட்கப்படும், தர மறுத்தால் அழைப்பாணை வரும். சாட்சிகளும் உரிமதாரரும் நேர்காணலுக்கு அழைக்கப்படுவர்.

சிகிச்சையின் தரம் பற்றிய புகார் என்றால், கோப்பு முழுவதும் அதே தொழிலைச் சேர்ந்த நிபுணர் ஒருவரிடம் போகும். வழக்கின் தலைவிதியைப் பெரும்பாலும் முடிவுசெய்வது இவருடைய அறிக்கைதான். தொழிலில் பொதுவாகக் கடைப்பிடிக்கப்படும் தரம் எது, இவர் அதிலிருந்து விலகினாரா, விலகல் சிறிதா மிகப் பெரிதா என்பவற்றுக்கு அவர் விடையளிக்க வேண்டும். கடும் கவனக்குறைவு என்றால் ஒரு முறை நடந்தாலும் போதும். சாதாரணக் கவனக்குறைவு என்றால் அது மீண்டும் நடந்திருக்க வேண்டும். சிகிச்சையாளர் ஒரு நாள் செய்த ஒரு சிறு பிழைக்காக உரிமம் போய்விடாது என்பதை இரு தரப்பினரும் நினைவில் கொள்ள வேண்டும்.

நிபுணர் எதைப் பார்ப்பார்? பேச்சுச் சிகிச்சைப் பதிவேடு ஒன்றைக் கற்பனை செய்யுங்கள். நான்கு வயதுக் குழந்தை, வாரம் ஒரு முறை, வியாழக்கிழமை சிகிச்சை. “குழந்தை நன்கு ஒத்துழைத்தது, இலக்கு ஒலியில் 80 சதவீதம் சரி” என்ற ஒரே வரி பதினொரு வாரங்கள் எழுத்துப் பிசகாமல் தொடர்கிறது, அவற்றுள் ஒரு வியாழன் நன்றி நவிலும் நாள் என்ற பொது விடுமுறையாகவும் இருக்கிறது, அந்த நாளுக்கும் காப்பீட்டு நிறுவனத்திடம் பணம் கோரப்பட்டிருக்கிறது. குழந்தைக்கு முன்னேற்றம் இல்லை என்று தொடங்கிய புகார், இந்த ஒற்றை வரியால் பொய்ப்பதிவு, மோசடி என்ற வேறொரு தளத்துக்கு மாறிவிடுகிறது. இதே காரணத்தால், திறமையாகச் சிகிச்சை அளித்தும் குறிப்பை மட்டும் சோம்பலாக எழுதியவர் தம்மைக் காத்துக்கொள்ள முடியாமல் போகிறார். நேர்மையாகப் பாடுபட்டவர் ஒருவர் பதிவின் குறையால் வீழ்வது மனத்தை வருத்துகிறது. அதைத் தவிர்ப்பது அவரவர் கையில்தான் இருக்கிறது.

உரிமதாரருக்கு இங்கே மூன்று விஷயங்களை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். புகார் வந்தபின் பழைய குறிப்புகளைத் திருத்துவதோ, விடுபட்டதை முன்தேதியிட்டுச் சேர்ப்பதோ கூடவே கூடாது. மின்பதிவு மென்பொருள் ஒவ்வொரு மாற்றத்தின் நேரத்தையும் பதிந்து வைக்கிறது. கவனக்குறைவாக இருந்த குற்றம் நேர்மையின்மையாகப் பெருகிவிடும். அடுத்தது, புகார்தாரரைத் தொலைபேசியில் அழைத்துச் சமாதானம் பேச முயலாதீர்கள். அது மிரட்டல் என்று பொருள்கொள்ளப்படலாம். மூன்றாவதாக, பதில் எழுதுவதற்கு முன் உரிம வழக்குகளில் பழக்கமுள்ள வழக்கறிஞரைக் கலந்துகொள்ளுங்கள். தொழில் பொறுப்புக் காப்பீடு வைத்திருப்பவர்கள் அதில் உரிமப் பாதுகாப்புச் செலவு அடங்குகிறதா என்று அன்றைக்கே பார்த்துவிட வேண்டும்; பலருடைய காப்பீட்டில் அது இருக்கிறது.

ஐந்தாம் படி: விசாரணையின் முடிவு

ஆதாரம் போதவில்லை என்றாலோ வாரியத்தின் அதிகாரத்துக்குள் வரவில்லை என்றாலோ புகார் முடித்துவைக்கப்படும். சிறு மீறல் என்றால் அபராத உத்தரவு வரும். அதன் உச்சவரம்பு 5,000 டாலர். இதை எதிர்க்க விரும்புவோர் 30 நாட்களுக்குள் விசாரணை கோர வேண்டும். உரிமமே இல்லாமல் தொழில் செய்பவருக்கும் அபராதம் விதிக்கலாம். மாவட்ட அரசு வழக்கறிஞர் வழியாகக் குற்ற வழக்கும் தொடரலாம். கடுமையான வழக்குகள் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்துக்குப் போகும்.

காலம் எவ்வளவு ஆகும் என்பதே எல்லோரும் கேட்கும் கேள்வி. முறையான ஒழுங்கு நடவடிக்கை என்றால், புகார் வந்த நாள் முதல் இறுதி முடிவு வரை சராசரியாக 540 நாட்கள் என்பதே நுகர்வோர் நலத்துறை வகுத்துக்கொண்ட இலக்கு. இலக்கே ஒன்றரை ஆண்டு என்னும்போது, அதைத் தாண்டும் வழக்குகளுக்கும் மனத்தை ஆயத்தப்படுத்திக்கொள்ள வேண்டும்.

ஆறாம் படி: குற்றச்சாட்டு ஆவணமும் 15 நாட்களும்

வழக்கு நடத்தத்தக்கது என்று அட்டர்னி ஜெனரல் அலுவலகம் முடிவுசெய்தால் குற்றச்சாட்டு ஆவணம் ஒன்று தயாராகும். அது தாக்கலான நாளிலிருந்து விவகாரம் பொதுமக்கள் பார்வைக்கு வந்துவிடுகிறது.

ஆவணம் சேர்ப்பிக்கப்பட்ட 15 நாட்களுக்குள் உரிமதாரர் எதிர்வாத அறிவிப்பை அனுப்ப வேண்டும். அது ஒரு பக்கத் தாள்தான்: குற்றச்சாட்டை மறுக்கிறேன், விசாரணை வேண்டும் என்று கையெழுத்திட்டு அனுப்பினால் போதும். அதை அனுப்பாவிட்டால் விசாரணையே இன்றி உரிமத்தை ரத்துசெய்யலாம். அந்த உத்தரவை நீக்கும்படி காரணம் காட்டிக் கோர, அது சேர்ப்பிக்கப்பட்டதிலிருந்து 7 நாட்களே உண்டு. ஆவணம் உரிமப் பதிவிலுள்ள முகவரிக்குப் பதிவுத் தபாலில் வரும். வீடு மாறியவர் 30 நாட்களுக்குள் புது முகவரியைத் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. அதை மறந்தவரின் தபால் பழைய வீட்டுக்குப் போய்த் திரும்பினாலும் சட்டத்தின் பார்வையில் அது சேர்ப்பிக்கப்பட்டதே. இதைப் படிக்கும் உரிமதாரர் இப்போதே தம் முகவரியைச் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

எதிர்த்தரப்பின் சாட்சிகள் யார், ஆவணங்கள் எவை என்று கேட்டுப் பெறும் உரிமையும் உண்டு. அதற்கான கோரிக்கையை ஆவணம் சேர்ப்பிக்கப்பட்ட 30 நாட்களுக்குள் அனுப்ப வேண்டும்.

ஏழாம் படி: உடன்பாடு

எல்லா வழக்கும் நீதிபதி முன் போவதில்லை. எழுத்து மூலமான உடன்பாட்டில் முடிபவை ஏராளம். வழக்கமான வடிவம் இது: உரிமம் ரத்துசெய்யப்படுகிறது, ஆனால் அந்த ரத்து நிறுத்திவைக்கப்பட்டுச் சில ஆண்டுகள் கண்காணிப்பு விதிக்கப்படுகிறது. காலாண்டு அறிக்கை, பணியிடத்துக்குத் தெரிவித்தல், மூத்த தொழிலர் ஒருவரின் மேற்பார்வை, கூடுதல் படிப்பு, விசாரணைச் செலவைக் கட்டுதல் ஆகியவை நிபந்தனைகளாக இருக்கும். போதைப் பழக்கம் தொடர்பான வழக்கு என்றால் மாநிலத்தின் பொதுத் தரநெறிகள் பொருந்தும். முதல் ஆண்டில் முன்னறிவிப்பற்ற பரிசோதனைகள் 52 முதல் 104 வரை நடக்கும். நிபந்தனையை மீறினால் நிறுத்திவைத்த ரத்தை நடைமுறைக்குக் கொண்டுவர வாரியம் முனையலாம். ஆகவே தம்மால் கடைப்பிடிக்க இயலாத நிபந்தனைக்குக் கையெழுத்திடுவதைவிட, அதைப் பற்றி முன்பே பேசி மாற்றிக்கொள்வது அறிவுடைமை.

எட்டாம் படி: நீதிபதி முன் விசாரணை

உடன்பாடு ஏற்படாவிட்டால் வழக்கு நிர்வாக விசாரணை அலுவலகத்துக்குச் செல்லும். இது வாரியத்திலிருந்து தனித்து இயங்குவது. நீதிபதியும் வாரியத்தின் ஊழியர் அல்லர். ஜூரி எனப்படும் நடுவர் குழு கிடையாது. அட்டர்னி ஜெனரலின் உதவி வழக்கறிஞர் வாரியத்தின் பக்கம் வாதாடுவார். அவர் புகார்தாரரின் வழக்கறிஞர் அல்லர் என்பதை அறியாமல் பலர் மனக்கசப்பு அடைகிறார்கள். புகார்தாரர் இவ்வழக்கில் ஒரு சாட்சி, கட்சிக்காரர் அல்லர்.

குற்றத்தை மெய்ப்பிக்கும் சுமை வாரியத்தின் மீது இருக்கிறது. தொழில் உரிமத்தைப் பறிக்க, தெளிவாகவும் மனம் ஒப்பும்படியாகவும் ஆதாரம் வேண்டும் என்று 1982இல் எட்டிங்கர் வழக்கில் தீர்ப்பானது. சாதாரண உரிமையியல் வழக்கில் தேவைப்படுவதைவிட இது உயர்ந்த அளவுகோல். செவிவழிச் சான்று பற்றிய விதியும் முக்கியம்: மற்றவர் சொன்னதைக் கூறும் சான்றும், நேரில் வராதவரின் கடிதமும் பிற ஆதாரத்துக்குத் துணையாக மட்டுமே கொள்ளப்படும், உரிய நேரத்தில் ஆட்சேபம் எழுந்தால் அவற்றை மட்டும் வைத்து எதையும் மெய்ப்பிக்க முடியாது. புகார்தாரர் நேரில் வந்து பேசுவது எத்துணை அவசியம் என்பதற்கு இதுவே காரணம். ஆங்கிலத்தில் சாட்சி சொல்லத் தயங்கும் தாயோ பாட்டியோ இருந்தால், தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று விசாரணைத் தேதிக்கு வெகு முன்னரே கேட்டுவிடுங்கள்.

ஒன்பதாம் படி: வாரியத்தின் வாக்கு

நீதிபதி எழுதுவது முன்மொழியப்பட்ட தீர்ப்பு மட்டுமே. வழக்கு ஒப்படைக்கப்பட்ட 30 நாட்களுக்குள் அது தரப்பட வேண்டும். வாரியம் அதை ஏற்கலாம், தண்டனையைக் குறைக்கலாம், அல்லது ஏற்க மறுத்து விசாரணைப் பதிவை முழுதும் படித்து, இரு தரப்பு வாதத்தையும் கேட்டுத் தானே தீர்ப்பளிக்கலாம். 100 நாட்களுக்குள் எதுவும் செய்யாவிட்டால் நீதிபதியின் தீர்ப்பே வாரியத்தின் தீர்ப்பாகிவிடும். வாக்களிக்கவிருக்கும் உறுப்பினர்களை இரு தரப்பில் எவரும் தனியே தொடர்புகொள்ளச் சட்டம் தடைவிதிக்கிறது. நல்லெண்ணத்தோடு எழுதிய கடிதமானாலும் தடை தடையே.

தோற்ற உரிமதாரர் நியாயமான விசாரணைச் செலவைக் கட்டும்படி உத்தரவிடப்படலாம். ஆனால் அவருடைய பண நிலையையும், நல்லெண்ணத்தோடுதான் எதிர்வழக்காடினாரா என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று 2002இல் சக்கர்மன் வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. செலவுக்கு அஞ்சி ஒருவர் தம் உரிமையைக் கைவிட்டுவிடக் கூடாது என்ற அக்கறை அத்தீர்ப்பில் தெரிகிறது.

பத்தாம் படி: தீர்ப்புக்குப் பின்

பொதுவாகத் தீர்ப்பு 30 நாட்களில் நடைமுறைக்கு வரும். அதற்குள் மறுபரிசீலனை கோரலாம். அதன் பின் மேல்நிலை நீதிமன்றத்தில் மனுப் போடலாம். மறுபரிசீலனைக்கான காலம் முடிந்ததிலிருந்து 30 நாட்கள் அதற்குக் கெடு.

தீர்ப்பு கலிஃபோர்னியாவோடு நின்றுவிடாது. அது தேசிய மருத்துவத் தொழிலர் தரவு வங்கிக்கு அனுப்பப்படும். பொதுமக்கள் அதைப் பார்க்க முடியாவிட்டாலும், பிற மாநில வாரியங்களும் மருத்துவமனைகளும் பார்க்கும். எதிர்த்திசையிலும் இது பொருந்தும். வேறு மாநிலமோ வேறு நாடோ தொழில் தொடர்பாக எடுத்த ஒழுங்கு நடவடிக்கையை அடிப்படையாகக் கொண்டு கலிஃபோர்னியா வாரியம் நடவடிக்கை எடுக்கலாம் என்று வணிக, தொழில் சட்டத்தொகுப்பின் 141ஆம் பிரிவு கூறுகிறது. இந்தியாவில் படித்துப் பதிவுபெற்று அங்கே குடியேறிய நம்மவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த இந்திய மறுவாழ்வு மன்றமும், தொழில் ஒழுக்கம் தவறியவரின் பெயரை விசாரணைக்குப் பின் மத்தியப் பதிவேட்டிலிருந்து நீக்கும் அதிகாரம் உடையது. அந்த நீக்கம் கடல் கடந்தும் பின்தொடரக்கூடும்.

உரிமம் ரத்தானவர் திரும்பக் கோர முடியும். பொது விதிப்படி, தீர்ப்பு நடைமுறைக்கு வந்து குறைந்தது ஓராண்டு கழிந்திருக்க வேண்டும். அம்மனுவில் மறுபடியும் நிரபராதி என்று வாதிடுவதால் பயனில்லை. இடைப்பட்ட காலத்தில் என்ன படித்தார், எங்கே பணிபுரிந்தார், கட்ட வேண்டிய செலவைக் கட்டினாரா, அவர் மாறியிருப்பதை அருகிலிருந்து பார்த்தவர் யார் என்பதைச் சான்றுகளோடு காட்ட வேண்டும். அவற்றைச் சேர்க்கும் வேலை உரிமம் பறிபோன மாதத்திலேயே தொடங்கியிருக்க வேண்டும்.